நாற்பதாயிரம் பேர் ஊர், இரண்டு ஐரோப்பியக் கோப்பை: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வேறு ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, இத்தாலியில் கான்டூ என்ற சின்ன ஊரின் கூடைப்பந்து அணி அடுத்தடுத்து இரண்டு வருடம் ஐரோப்பிய சாம்பியன் ஆனது என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு கேள்விகள் வந்து குவிந்திருக்கின்றன. சரி, இந்த இதழ் முழுக்கக் கான்டூதான். கிரிக்கெட் கேள்விகள் அனுப்பியவர்கள் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அந்த ஊர் எங்கே இருக்கிறது? உண்மையிலேயே ஐரோப்பிய சாம்பியனா, இல்லை ஏதாவது உப்புச்சப்பில்லாத கோப்பையை நீங்கள் ஊதிப் பெரிதாக்குகிறீர்களா?

பதில்: ஊதவில்லை. இன்றைக்கு யூரோலீக் என்று சொல்கிறார்களே, அதற்கு அப்போது ஐரோப்பிய சாம்பியன்கள் கோப்பை என்று பெயர். ஒவ்வொரு நாட்டின் லீக் சாம்பியனும், முந்தைய வருடம் கோப்பையை வென்ற அணியும் மோதும் போட்டி. 1982, 1983 இரண்டு வருடமும் அதை வென்றது கான்டூ. ஊர் வட இத்தாலியில், லொம்பார்டி மாநிலத்தில், கோமோ மாவட்டத்தில் இருக்கிறது. மிலானிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். மக்கள்தொகை நாற்பதாயிரத்தை ஒட்டி. மரச்சாமான் செய்வதிலும் லேஸ் பின்னுவதிலும் பேர்போன ஊர். இத்தாலிக்கு வெளியே அந்தப் பெயர் யாருக்காவது தெரிந்திருந்தால், ஒன்று அவர் சோபா வியாபாரியாக இருப்பார், இல்லை கூடைப்பந்து பைத்தியமாக இருப்பார்.

அந்த இரண்டோடு நிற்கவில்லை. அடுத்த நிலை ஐரோப்பியப் போட்டிகளில் கோராச் கோப்பை நான்கு முறை (1973, 1974, 1975, 1991), கோப்பை வென்றோர் கோப்பை நான்கு முறை (1977, 1978, 1979, 1981), கண்டங்களுக்கு இடையிலான கோப்பை இரண்டு முறை (1975, 1982). சர்வதேசக் கோப்பை மட்டும் மொத்தம் பன்னிரண்டு. ஆனால் சொந்த நாட்டு லீகை வென்றது 1968, 1975, 1981 என்று மூன்றே மூன்று முறை. வீட்டில் ஜெயித்ததைவிட வெளியில் நான்கு மடங்கு ஜெயித்த அணி. இந்தக் கணக்கு ஏன் இப்படித் தலைகீழாக இருக்கிறது என்பதைக் கீழே வேறொரு வாசகர் கேட்டிருக்கிறார், அங்கே பார்க்கலாம்.

கேள்வி: கிளப்பை யார் எப்போது தொடங்கினார்கள்? கால்பந்து பைத்தியம் பிடித்த நாட்டில் இந்த ஊருக்கு மட்டும் கூடைப்பந்து எப்படி?

பதில்: 1936-ல் தொடங்கியது. முதல் இருபது வருடத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1950-களில் மேல்மட்ட லீகுக்கு வந்தார்கள், அவ்வளவுதான்.

எப்படி என்ற கேள்விக்கு வரைபடத்தைப் பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். கான்டூவுக்குத் தெற்கே மிலான், மேற்கே வரேசே. இரண்டுமே கூடைப்பந்தில் அந்தக் காலத்து ராட்சசர்கள். மிலான் அணி 1966-லேயே ஐரோப்பிய சாம்பியன், இத்தாலியிலிருந்து அதுதான் முதல். வரேசே 1970 முதல் 1979 வரை தொடர்ந்து பத்து வருடம் ஐரோப்பிய இறுதிப் போட்டியில் ஆடி, அதில் ஐந்தை வென்ற அணி. திரும்பவும் சொல்கிறேன், தொடர்ந்து பத்து ஃபைனல். இப்படி இரண்டு பேர் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது ஒரு ஊருக்கு இரண்டே வழிதான்: அவர்களில் ஒருவருக்கு ரசிகனாகிவிடுவது, அல்லது இருவரையும் தோற்கடிக்கக் கிளம்புவது. கான்டூக்காரர்கள் இரண்டாவதை எடுத்தார்கள். கால்பந்தில் மிலானோடு மோத ஒரு சின்ன ஊரால் முடியாது. கூடைப்பந்தில் களத்தில் ஐந்து பேர் போதும், அதில் மூவர் நல்லவர்களாக அமைந்துவிட்டால் யாரையும் ஒரு கை பார்க்கலாம்.

கேள்வி: 1968-ல் முதல் பட்டம் வென்றபோது பயிற்சியாளர் ஒரு மாட்டு டாக்டர் என்று படித்தேன். கட்டுக்கதையா?

பதில்: கதை இல்லை, நிஜம்தான். போரிஸ்லாவ் ஸ்டான்கோவிச். யுகோஸ்லாவியா தேசிய அணியில் ஆடியவர். படிப்பு கால்நடை மருத்துவம், பெல்கிரேடில் இறைச்சிப் பரிசோதகராக வேலை பார்த்தார், கூடவே ஓகேகே பெல்கிரேட் அணிக்குப் பயிற்சியாளர். 1966-ல் கான்டூவுக்கு வந்தார். வந்த இரண்டாவது சீசனில் மிலானையும் வரேசேவையும் பின்னால் தள்ளிவிட்டு லீக் பட்டம். பர்ஜஸ், மெர்லாட்டி, டெ சிமோனே என்று மூன்று நெடுமரங்களைக் கூடைக்குக் கீழே நிறுத்தினார், அந்த மூவரையும் சேர்த்து 'சுவர்' என்றே கூப்பிட்டார்கள். வெளியிலிருந்து பந்தைப் போடும் வேலை கார்லோ ரெகல்காட்டி என்ற இளைஞருடையது.

ஸ்டான்கோவிச்சின் மீதிக் கதைதான் இன்னும் பெரியது. 1976 முதல் 2002 வரை உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் பொதுச் செயலாளர் அவர்தான். தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒலிம்பிக்கில் ஆடக்கூடாது என்ற பழைய விதியை 1989-ல் ஃபிபா நீக்கியது, அதற்குப் பின்னால் நின்று தள்ளியவர் இவர். அதனால்தான் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் மைக்கேல் ஜோர்டன், மேஜிக் ஜான்சன், லாரி பேர்ட் எல்லாரும் ஒரே சட்டையில் இறங்க முடிந்தது. அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏ தவிர வேறெதுவும் பார்க்க மாட்டேன் என்று எழுதியிருக்கும் வாசகருக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன். அந்த அமெரிக்க அணியைக் கொண்டாடுகிறீர்களே, அதற்குக் கதவைத் திறந்துவிட்டவர் முதல் முதலில் வெளிநாட்டில் கோப்பை தூக்கியது இந்த மரச்சாமான் ஊரில்தான்.

கேள்வி: அணியின் பெயர்தான் என்ன? ஒரு இடத்தில் ஃபோர்ஸ்ட், ஒரு இடத்தில் ஸ்குவிப், இன்னொரு இடத்தில் ஃபோர்டு. எல்லாம் ஒரே அணியா, ஆளுக்கொரு அணியா?

பதில்: எல்லாம் ஒன்றேதான். ஐரோப்பியக் கூடைப்பந்தில், குறிப்பாக இத்தாலியில், ஸ்பான்சர் காசு கொடுத்தால் சட்டையில் மட்டுமல்ல, அணியின் பெயரிலேயே ஏறி உட்கார்ந்துவிடுவார். 1968-ல் சாம்பியன் ஆனது ஒரான்சோடா கான்டூ, அது ஆரஞ்சு பானம். 1970-களில் ஃபோர்ஸ்ட், அது பீர். அடுத்து கபெட்டி, வீடு நிலம் வாங்கி விற்கும் கம்பெனி. 1982-ல் ஐரோப்பாவை வென்றபோது ஸ்குவிப், மருந்துக் கம்பெனி. அடுத்த வருடம் ஃபோர்டு கார். பக்கத்து வீட்டிலும் இதே கதை: வரேசே பல வருடம் இக்னிஸ் என்ற ஃப்ரிட்ஜ் கம்பெனியின் பெயரில் ஆடியது, மிலான் சிம்மெந்தால் என்ற டப்பா இறைச்சியின் பெயரில். ஆக 1968 பட்டப் போட்டியை அன்றைய பத்திரிகை பாஷையில் சொன்னால், ஆரஞ்சு சோடா ஃப்ரிட்ஜையும் டப்பா இறைச்சியையும் தோற்கடித்தது.

சிரிப்பாக இருக்கிறது, ஆனால் பழைய ஸ்கோர்களைத் தேடுகிறவர்களுக்கு நிஜமான தலைவலி இது. கான்டூ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், முன்னால் வருவதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: 1970-களில் இவ்வளவு கோப்பை வந்தது என்றால் பின்னால் பெரிய பணம் இருந்திருக்க வேண்டும். சின்ன ஊர், பெரிய மனசு என்று கதை விட வேண்டாம். யார் காசு?

பதில்: நியாயமான சந்தேகம். பணம் இருந்தது. ஆல்டோ அல்லியேவி என்ற உள்ளூர்த் தொழிலதிபர் இருபது வருடத்துக்கும் மேல் கிளப்பை நடத்தினார், மேலே சொன்ன ஸ்பான்சர்களும் இருந்தார்கள். ஆனால் அதே பணம், அதைவிட அதிகப் பணம், மிலானிடம் இருந்தது. அதனால் பணம் மட்டுமே காரணம் என்றால் கணக்கு உதைக்கிறது.

என் கணிப்பில் மூன்று விஷயம் சேர்ந்து வேலை செய்தது. பயிற்சியாளர் அர்னால்டோ தவ்ரிசானோ 1969-ல் வந்தவர் பத்து வருடம் இருந்தார். இன்றைக்கு ஒரு ஐரோப்பிய கிளப்பில் பயிற்சியாளர் பத்து மாதம் தாக்குப்பிடித்தால் பெரிய விஷயம். மூன்று கோராச் கோப்பை, மூன்று கோப்பை வென்றோர் கோப்பை, 1975 லீக் பட்டம், அதே வருடம் கண்டங்களுக்கு இடையிலான கோப்பை, எல்லாம் அவர் கைக்கு வந்தவை.

அப்புறம் விதிகள். அந்தக் காலத்தில் ஒரு அணியில் வெளிநாட்டவர் ஒருவரோ இருவரோதான் ஆட முடியும். மிலானிடம் எவ்வளவு காசு இருந்தாலும் பத்து அமெரிக்கர்களை வாங்கிக்கொண்டு வர முடியாது. மீதி இடங்களுக்கு இத்தாலியர்கள் வேண்டும், நல்ல இத்தாலியரை யார் உருவாக்குகிறாரோ அவர் கை ஓங்கும். பையன் சின்ன வயதில் ஒரு கிளப்பில் பதிவு செய்துவிட்டால் கிளப்பாகப் பார்த்து விற்றாலொழிய வேறு எங்கும் போக முடியாது. ஆட்டக்காரன் பக்கமிருந்து பார்த்தால் அது கொத்தடிமை முறை மாதிரிதான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் சின்ன ஊர் அணி உயிரோடு இருந்தது அந்த விதியின் தயவில்.

மூன்றாவது, அந்தப் பையன்கள். சுற்று வட்டாரத்திலிருந்தே பியர்லூயிஜி மார்சொராட்டி வந்தார், ஃபப்ரீசியோ டெல்லா ஃபியோரி, ரெகல்காட்டி ஏற்கெனவே அங்கே இருந்தார்கள், பின்னால் அன்டோனெல்லோ ரீவா வந்தார். அமெரிக்கர் இடத்துக்கும் வருடா வருடம் புது ஆளைத் தேடி ஓடவில்லை. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு வந்த பாப் லீன்ஹார்ட் 1970-களில் பெரும்பாலான வருடங்கள் அவர்களோடே இருந்தார். ஒரே ஐந்து பேர் ஐந்தாறு வருடம் சேர்ந்து ஆடினால் ஒருவருக்கொருவர் பார்க்காமலே பந்து போடும் அளவுக்குப் பழகிவிடும்.

கேள்வி: உள்நாட்டில் மூன்று, வெளிநாட்டில் பன்னிரண்டு. இது எப்படி சாத்தியம்?

பதில்: உள்நாட்டில் எதிரிகள் மிலானும் வரேசேவும் போலோஞ்யாவும். வெளிநாட்டுக் கோப்பைகளில் அவர்களை எல்லா வருடமும் சந்திக்க வேண்டியதில்லை. அன்றைக்கு இத்தாலி லீகின் முதல் நான்கு அணிகளில் எதை அனுப்பினாலும் ஐரோப்பாவில் கோப்பைக்கு அருகில் போகும் என்ற நிலைமை. சந்தேகம் இருந்தால் 1980 கோப்பை வென்றோர் கோப்பை ஃபைனலைப் பாருங்கள். கான்டூ 1977 முதல் 1981 வரை தொடர்ந்து ஐந்து ஃபைனல் ஆடி நான்கை வென்றது, நடுவில் தோற்ற அந்த ஒன்றும் வரேசேவிடம். ஓவர்டைம் போய் 90-88. அண்டை வீட்டுக்காரன் ஐரோப்பா வரைக்கும் துரத்தி வந்து அடித்திருக்கிறான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கோப்பை வென்றோர் கோப்பை என்பது அவரவர் நாட்டுக் கோப்பையை வென்ற அணிகளுக்கானது. கான்டூ இன்று வரை இத்தாலியக் கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை. பிறகு எப்படி நான்கு முறை? 1974-க்குப் பிறகு பத்து வருடம் இத்தாலியில் அந்தக் கோப்பையையே நடத்தவில்லை, அதனால் நாட்டின் இடத்தை லீக் தரவரிசையைப் பார்த்துக் கொடுத்தார்கள். நடப்பு சாம்பியன் என்ற தகுதியும் சேர்ந்துகொண்டது. விதிகளில் பொத்தல் இருந்தது, கான்டூ அதில் நுழைந்துபோய் வீடு கட்டிக்கொண்டது.

கேள்வி: 1982, 1983 இரண்டு ஃபைனல்களையும் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன்.

பதில்: சந்தோஷமாக.

1981-ல் லீகை வென்றதால் 1981-82 சாம்பியன்கள் கோப்பையில் இடம் கிடைத்தது. பயிற்சியாளர் வலேரியோ பியாங்கினி. அப்போதைய முறைப்படி கடைசி ஆறு அணிகள் ஒரே பிரிவில், ஒவ்வொருவரோடும் உள்ளூரில் ஒன்று வெளியூரில் ஒன்று என்று ஆளுக்குப் பத்து ஆட்டம் ஆட வேண்டும், முதல் இரண்டு அணிகள் ஃபைனலுக்கு. பார்சிலோனா, பார்ட்டிசான் மாதிரி பெரிய பெயர்களைத் தாண்டித்தான் வந்தார்கள். ஃபைனல் ஜெர்மனியின் கொலோன் நகரில், எதிரே நடப்பு சாம்பியன் மக்காபி டெல் அவிவ். அவர்கள் முந்தைய வருடம் போலோஞ்யாவை ஒரே ஒரு புள்ளியில் தோற்கடித்துக் கோப்பை எடுத்தவர்கள். கான்டூ பக்கம் மார்சொராட்டி, இருபதே வயதான ரீவா, அனுபவசாலி பரிவியேரா, அமெரிக்கர்களாக ப்ரூஸ் ஃப்ளவர்ஸ், சி.ஜே. குபெக். 86-80 என்று முடிந்தது.

பியாங்கினி அந்தக் கோப்பையோடு ரோம் அணிக்குப் போய்விட்டார். போனவர் சும்மா இருக்கவில்லை, ரோமுக்கு 1983-ல் லீகும் 1984-ல் இதே ஐரோப்பியக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். கான்டூவுக்கு முன்னாள் தேசியப் பயிற்சியாளர் ஜான்கார்லோ ப்ரீமோ வந்தார். அமெரிக்கர்கள் இருவரும் மாறினார்கள். ஃப்ளவர்ஸ் என்பிஏவின் கிளீவ்லாண்டுக்குப் போனார், எதிர்த்திசையில் லாஸ் ஏஞ்சலிஸின் லேக்கர்ஸ் அணியிலிருந்து ஜிம் ப்ரூவர் வந்தார். இந்த ப்ரூவரைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டும்: 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சோவியத்திடம் அந்தப் பிரசித்தமான கடைசி மூன்று வினாடிக் குழப்பத்தில் தோற்ற அமெரிக்க அணியில் இருந்தவர், 1982-ல் லேக்கர்ஸ் அணியோடு என்பிஏ பட்டம், மறு வருடமே கான்டூவோடு ஐரோப்பியப் பட்டம். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கான்டூவுக்கு இறங்கி வந்த முதல் வாரம் அவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

1982-83 ஆறு அணிப் பிரிவு இன்னும் கடினம். ரியல் மாட்ரிட், சிஎஸ்கேஏ மாஸ்கோ, மக்காபி, சிபோனா. நடப்பு சாம்பியன் என்ற முறையில் கான்டூ, இத்தாலி லீக் சாம்பியன் என்ற முறையில் மிலான், இரண்டுமே ஃபைனலுக்கு வந்துவிட்டன. அரை மணி நேரத்தில் போய் வரக்கூடிய இரண்டு ஊர்க்காரர்களும் கோப்பைக்காக எல்லை தாண்டி பிரான்ஸின் க்ரெனோபிள் வரை போனார்கள், 1983 மார்ச் 24. மிலானின் பெயர் அப்போது பில்லி, அதுவும் ஒரு ஜூஸ். பயிற்சியாளர் டான் பீட்டர்சன், களத்தில் வரேசேவின் அந்தப் பத்து ஃபைனல்களையும் பார்த்துவிட்டு வந்த தீனோ மெனெகின், பின்னாளில் என்பிஏ பயிற்சியாளராகப் பெயர் வாங்கிய மைக் டி'ஆன்டோனி. கடைசியில் மிலான் விடாமல் துரத்தி வந்தது. 69-68. ஒரே புள்ளி.

ஸ்கோர் குறைவாக இருக்கிறதே என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அன்றைக்கு ஐரோப்பாவில் மூன்று புள்ளிக் கோடே கிடையாது, ஃபிபா அதை 1984-ல்தான் கொண்டுவந்தது. ரீவா எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டுதான். அந்தக் கோடு ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் மிலானுக்குக் கடைசி நிமிடத்து மூச்சே கிடைத்திருக்காது என்பது என் வாதம். மிலான் ரசிகர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்கு அந்தக் கடைசி வினாடிகளைப் பற்றி வேறு வழக்கு இருக்கிறது.

கேள்வி: மார்சொராட்டி 54 வயதில் லீக் ஆட்டத்தில் ஆடினாராமே?

பதில்: ஆடினார். 2006 அக்டோபர் 1, கிளப்பின் எழுபதாவது ஆண்டு, எதிரணி ட்ரெவீசோ. ஓரிரு நிமிடம்தான், மரியாதைக்காக இறக்கினார்கள். ஆனால் அது நட்பு ஆட்டம் அல்ல, புள்ளிப் பட்டியலில் சேரும் லீக் ஆட்டம். 1969-ல் தொடங்கியவர் என்பதால் ஐந்து பத்தாண்டுகளில் ஆடியவர் என்ற கணக்கு கிடைத்தது.

அந்த இரண்டு நிமிடத்தைவிட முந்தைய இருபத்திரண்டு வருடம்தான் எனக்கு ஆச்சரியம். 1991-ல் ஓய்வு பெறும் வரை வேறு எந்த அணிக்கும் போகவே இல்லை. பக்கத்துக் கிராமமான ஃபிஜீனோ செரேன்சாவில் பிறந்தவர், ஆடிக்கொண்டே படித்துப் பொறியாளர் பட்டம் வாங்கினார், 'பறக்கும் எஞ்சினியர்' என்றே ரசிகர்கள் கூப்பிட்டார்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இத்தாலிக்கு வெள்ளி, 1983-ல் நான்ட் நகரில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் தங்கம், இரண்டிலும் இருந்தார். அவர் ஆடிய காலத்தில் கான்டூ வென்ற கோப்பைகளை அடுக்கினால் மேலே நான் கொடுத்த பட்டியலில் கிட்டத்தட்ட முழுவதும் வந்துவிடும், 1968 ஒன்றைத் தவிர.

ரீவா வேறு மாதிரி. அவர் புள்ளி இயந்திரம். இத்தாலி லீகின் வரலாற்றில் அதிகப் புள்ளி போட்டவர் அவர்தான், 14,397. ஆனால் 1989-ல் மிலானுக்குப் போய்விட்டார். கான்டூ ரசிகனுக்கு இதைவிடக் கசப்பான வாக்கியம் இருக்க முடியாது. ரெகல்காட்டி பயிற்சியாளராகி, வரேசே, போலோஞ்யா, சியேனா மூன்றுக்கும் லீக் வாங்கிக் கொடுத்து, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இத்தாலிக்கு வெள்ளியும் கொண்டுவந்தார்.

கேள்வி: இவ்வளவு பெரிய அணி எப்படி விழுந்தது?

பதில்: ஒரே நாளில் விழவில்லை. 1991-ல் கூட ரியல் மாட்ரிடைத் தோற்கடித்துக் கோராச் கோப்பை எடுத்தார்கள். மூன்றே வருடத்தில், 1994-ல், இரண்டாம் நிலை லீகுக்கு இறங்கினார்கள். ஐரோப்பாவில் அப்படித்தான், என்பிஏ மாதிரி கடைசி இடத்தில் வந்தால் நல்ல ஆளைத் தேர்வு செய்யும் வாய்ப்பு பரிசாகக் கிடைக்காது, கீழே போக வேண்டியதுதான், பன்னிரண்டு கோப்பையும் கூடவே வரும்.

1980-களின் முடிவில் இத்தாலிக் கூடைப்பந்தில் கொட்டிய பணம் வேறு ரகம். ட்ரெவீசோவுக்குப் பின்னால் பெனட்டன் என்ற ஆடைக் கம்பெனி. ரோம் அணி 1989-ல், அந்த வருட என்பிஏ புதுமுகத் தேர்வில் இரண்டாவதாக எடுக்கப்பட்ட டேனி ஃபெரியை என்பிஏவிடமிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்தது. அல்லியேவி போன்ற ஒரு குடும்பத் தொழிலதிபர் இதோடு மல்லுக்கட்ட முடியாது. 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் போஸ்மான் தீர்ப்பு வந்தது: ஒப்பந்தம் முடிந்தால் ஆட்டக்காரன் இலவசமாகப் போகலாம், ஐரோப்பிய ஒன்றியத்து ஆட்டக்காரர்களை வெளிநாட்டவர் என்று கட்டுப்படுத்த முடியாது. வழக்கு கால்பந்து வழக்கு, அடி எல்லா விளையாட்டுக்கும். ஆட்டக்காரர்களுக்கு நியாயம் கிடைத்தது, பையன்களை வளர்த்துப் பிழைத்த ஊருக்குத் தொழிலே போயிற்று. இரண்டும் உண்மை.

1996-ல் மேலே வந்தார்கள், 2003-லும் 2012-லும் இத்தாலிய சூப்பர் கோப்பை எடுத்தார்கள், 2011-ல் லீக் ஃபைனல் வரை போனார்கள், அதன் பலனாக 2011-12 யூரோலீகில் ஆடி கடைசி பதினாறு அணிகள் வரை வந்தார்கள். அதைக்கூடச் சொந்த அரங்கில் ஆட முடியவில்லை. பக்கத்து ஊரான குச்சாகோவில் இருந்த பியானெல்லா அரங்கில் நாலாயிரம் பேருக்கும் குறைவாகத்தான் உட்கார முடியும், யூரோலீகுக்கு அது போதாது, அதனால் தேசியோ என்ற ஊரின் பெரிய அரங்குக்குப் போனார்கள். பிறகு ஒரு ரஷ்யத் தொழிலதிபர் கிளப்பை வாங்கினார், நிதிச் சிக்கல் முற்றியது, 2019-ல் ரசிகர்களும் உள்ளூர் நிறுவனங்களும் சேர்ந்த அமைப்பு பொறுப்பை எடுத்துக்கொண்டது. காப்பாற்றினார்கள், ஆனாலும் 2021-ல் மறுபடி கீழே.

கேள்வி: கான்டூவைவிடச் சின்ன ஊர் எதுவும் ஐரோப்பியக் கோப்பை வென்றதில்லையா?

பதில்: சாம்பியன்கள் கோப்பை என்று பார்த்தால் ஒப்பிட ஆளில்லை. 1993-ல் வென்ற லிமோஜ் பீங்கானுக்குப் பேர்போன நகரம், ஆனால் கான்டூவைப் போல மூன்று மடங்கு. 1994-ல் வென்ற படலோனா பார்சிலோனாவோடு ஒட்டிய பெரிய ஊர். அடுத்த நிலைக் கோப்பைகளில் உண்டு: பிரான்ஸின் ஓர்தேஸ், பத்தாயிரம் பேர் வாழும் ஊர், 1984-ல் கோராச் கோப்பை. சந்தைக் கூடத்தில் ஆடிய அணி அது. பின்னர் பக்கத்துப் பெரிய நகரமான போவுக்கு இடம் மாறிவிட்டது, ஓர்தேஸ்காரர்களுக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை என்று நினைக்கிறேன்.

கேள்வி: இப்போது கான்டூ எங்கே ஆடுகிறது? மறுபடி ஐரோப்பிய சாம்பியன் ஆக வாய்ப்பு உண்டா?

பதில்: இரண்டாம் நிலையில் நான்கு சீசன், வாசல் வரை வந்து திரும்பிய வருடங்களும் அதில் உண்டு. 2025 ஜூனில் பயிற்சியாளர் நிக்கோலா ப்ரியென்சாவின் கீழ் ரிமினியைத் தோற்கடித்து மேல்மட்ட லீகுக்குத் திரும்பிவிட்டார்கள். கான்டூவிலேயே, கோர்சோ எவ்ரோப்பா சாலையில், புது அரங்கு கட்டும் வேலை நடக்கிறது. அதே ஊரில் முன்பு ஒரு அரங்கைத் தொடங்கிப் பாதியில் விட்டு, வருடக்கணக்கில் எலும்புக்கூடாக நின்று, கடைசியில் இடித்தார்கள். அதனால் கூரை போட்டு முடியும்வரை ஊரில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில், இல்லை. யூரோலீகில் இப்போது பெரும்பாலான இடங்கள் நீண்டகால உரிமம் வைத்திருக்கும் கிளப்புகளுக்கு. இத்தாலி லீகை வென்றாலே அந்தக் கதவு தானாகத் திறந்துவிடாது. மிலானிடம் உரிமம் இருக்கிறது, கான்டூவிடம் இல்லை. இப்போதைக்கு அவர்கள் லீகில் மிலானோடு வருடம் இரண்டு ஆட்டம் ஆடுவார்கள், அந்த இரண்டிலும் டிக்கெட் கிடைப்பது கஷ்டம்.